டாக்டர் கேட்காதது

சென்னீர்குப்பம்
4-12-1973

அன்புள்ள அம்மாவுக்கு வசந்தா எழுதுவது.

நானும் நைனாவும் சுகம். "கொரலு எதுவும் இப்ப கேக்கலியாம், பொங்கலுக்கு ஊட்டுக்கு இட்டுகினு போலாம்னு டாக்டரு சொல்ட்டாரு" என்று நைனா வந்து சொன்னார். அம்பத்தூர் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் நீ அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாமே. உனக்குச் சந்தோஷம் இல்லையா?

உன் மகள்
வசந்தகுமாரி

ஆஸ்பத்திரி
12-12-1973

செல்ல மகள் வசந்தாவுக்கு,

குரல் நின்றது நிஜம். முன்பு ஆளே இல்லாமல் காதுக்குள் ஓயாமல் ஏசும். இப்போது இல்லை. ஆனால் விடிந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. தலை சீவக்கூட மனம் வருவதில்லை. டாக்டர், குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நான் அடிபம்புக்கு வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அதை நினைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

உன் நைனாவிடம் சொல்லாதே. இன்னும் தெளியவில்லை என்று நினைப்பார். பொங்கலுக்கு வந்துவிடுகிறேன்.

அம்மா
சொர்ணம்

சென்னீர்குப்பம்
18-12-1973

அன்புள்ள அம்மா,

நைனாவிடம் சொல்லவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றபோது, இனி டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்று சந்தோஷப்பட்டவள் நான். ஆனால் அடிபம்பில் நாலு பேரைப் பார்த்ததும் வரும் என் பயம், குடம் நிரம்பினால் போய்விடும். உன்னுடையது தூங்கி எழுந்தாலும் போகவில்லையே.

நேற்று பம்படியில் கெங்கம்மா அக்கா கேட்டார். "இன்னாடி, உங்கம்மாவுக்குத் தெளிஞ்சிடுச்சாமே. அப்புறம் இன்னாத்துக்கு அங்கியே குந்திகினு கீது?"

"காலு ஒடஞ்சவங்க கட்டுப் பிரிச்சதும் ஓடுவாங்களாக்கா?" என்றேன்.

"அட, இதுக்கும் வாயி கீதுடீ" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிச் சிரித்தார்.

அம்மா, டாக்டர் கேட்காவிட்டாலும் நீயே சொல். குரல் வியாதி என்றால் இதுவும் வியாதிதானே. பயந்துகொண்டே வருவதைவிட, இந்தப் பொங்கல் போனாலும் போகட்டும்.

வசந்தா

ஆஸ்பத்திரி
2-1-1974

வசந்தாவுக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, இத மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்றார். "நீங்க கேக்கலியே" என்றேன். வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். குணம் தெரிய நாளாகுமாம். அதுவரை இங்கேதான். உன் நைனாவை நினைத்தால்தான் கவலை. நீ சொல்லித்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா

சென்னீர்குப்பம்
8-1-1974

அன்புள்ள அம்மா,

நைனாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் எழுதித்தான் நீ டாக்டரிடம் சொன்னாய் என்பதையும். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டனே, மூஞ்ச எங்க வெச்சிக்குவேன்" என்றார். உன்னைப் பார்க்க இப்போதைக்கு வர மாட்டாராம். அதன் பிறகு என்னோடும் பேச்சில்லை.

காணும் பொங்கலன்று நான் வருகிறேன், தனியாக. பூந்தமல்லியில் பஸ் மாற வேண்டும். கண்டக்டரிடம் இடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமே என்று பயந்து, இப்போதே தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கிளம்புவதாகச் சொன்னதும் நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு பஸ்ஸு கும்பலா இருக்கும், காலையிலயே போ" என்றார்.

வந்தால் நாம் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை அம்மா. இரண்டு பயந்தாங்கொள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

உன் மகள்
வசந்தா