நீட்டிய கையில் எடுத்த அளவு

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருப்பதாக நானாகவே வைத்துக்கொள்கிறேன். போன் போட்டால் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி அம்மாகிட்ட குடு" என்று முடித்துவிடுகிறீர்கள். அம்மாவிடம் கொடுத்தால் அவளிடமும் அதையே கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்களாம். அதனால்தான் கடிதம். இதை யாரிடமும் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஜன்னல் ஓரத்து மெஷின் கிடைத்தது. கழுத்தில் குழாய் போட்டிருப்பதால் குனிய முடியவில்லை, தலையணைமேல் அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து நாற்காலி கணக்கு வாத்தியார் கழுத்துக் குழாயைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உனக்கு மட்டும் பெட்ரோல் டாங்க்கை மேல மாத்திட்டாங்க" என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடம் நன்றாக இருந்தவரைக்கும் அதன் அருமை தெரியவில்லை. தினமும் காலையில் பல்கூட விளக்காமல் வந்து, அங்கே இரண்டு விரலை வைத்து "வண்டி ஓடுதா?" என்று கேட்பீர்கள். உள்ளே ரத்தம் ஓடுவது நிற்கிற வண்டியில் எஞ்சின் ஐடிலில் ஓடுவதுபோல விரலில் தட்டும். அது நின்றுபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதோடு காலையில் என் அறைக்கு யாரும் வருவதும் நின்றுபோயிற்று.

நம் மோட்டார் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில்தான் நிற்கிறது. அம்மா அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போடுகிறாள். கொடியில் இடம் இல்லாமல் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி வலது கையில் புதிதாகத் தைக்கிறார்கள். வந்துவிடுவீர்கள் அல்லவா? பிறந்ததிலிருந்து ஊரைவிட்டு வேலைக்குப் போகாதவர், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே பஸ் கம்பெனிக்கு சீட் தைக்கப் போய்விட்டீர்கள். நீங்கள் போகாவிட்டால் அந்த ஊர் ஜனங்கள் நின்றுகொண்டே பயணம் செய்வார்களா?

உங்கள்
கிக்கர்


மார்ச் 14

அன்பு மகள் கிக்கருக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் "வீட்டுல இருந்தா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் இன்னும் கண்ணாடி மாட்டாத ஒரு பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து படித்தேன்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறாய். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வாய் வருவதில்லை. எழுதுவதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நீ வண்டி ஓட்டிப் பழகுவதற்காக அந்தத் தோல் கைக் காப்பை நான் தைத்தேன் அல்லவா? நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். தைத்த கையில் வாட்ச் கூடாது, இறுக்கமான சட்டை கூடாது, அதன்மேல் சாய்ந்து படுக்கக்கூடக் கூடாது. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நீ ஹேண்டில்பாரைப் பிடிக்கப் போகிறாய், விழுந்தால் முதலில் அந்தக் கைதான் தரையில் படும் என்று எனக்கு ஒரே பயம். மெத்தென்று ஃபோம் வைத்து, நல்ல தோலாகப் பார்த்து, முழங்கைக்கு மேலும் கீழும் வார் வைத்துத் தைத்தேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக எதையும் தைத்ததில்லை. நம் சீட் தைக்கிற கடையில் நாலு பேருக்கு எடுத்துக் காட்டினேன்.

அளவு எப்போது எடுத்தேன் தெரியுமா? டயாலிசிஸ் முடிந்து வந்து நீ களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். கை நீட்டிக் கிடந்தது. எழுப்ப மனமில்லாமல் அப்படியே டேப்பைச் சுற்றி எடுத்தேன். வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, வெறும் சீட்டில் அளவு எடுக்காதே, ஆளை உட்கார வைத்து எடு என்றுதான். நீ கையை மடக்கி கிளட்ச்சைப் பிடித்தால் வார் எவ்வளவு இறுகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரார் வண்டிக்குப் பார்ப்பதைப் பெற்ற பிள்ளையின் கைக்குப் பார்க்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஏரிக்கரையில் நீ வண்டி பழகிய அன்றைக்கு, நடுவில் டீக்கடையில் நிறுத்தி உன் கையைத் தொட்டுப் பார்த்தேனே, "ஓடுது, ஜம்முனு ஓடுது, இன்னொரு ரவுண்டு போலாம்" என்றேனே. ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் உன் அம்மாவிடமும் அடித்துச் சொன்னேன், நான் பார்த்தபோது ஓடியது என்று. போன வாரம் இங்கே நாள் முழுக்க மோட்டார் மெஷினில் தைத்துவிட்டு எழுந்து மேசையில் கை ஊன்றினேன். மேசை ஓடியது. சுவரைத் தொட்டேன், சுவரும் ஓடியது. மெஷினின் அதிர்வு என் கையிலேயே நின்றிருக்கிறது. அன்றைக்கும் அதேதான். வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை அந்த ஒற்றை சிலிண்டர் வண்டியை ஓட்டிய கை. உன்னிடம் கொடுத்த பிறகும் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்த கை. அந்தக் கையால் தொட்டுவிட்டு, நின்றுபோன உன் கையை ஓடுகிறது என்றேன். அப்போதே கிளம்பியிருந்தால் அடைப்பை எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்.

நான் வரவில்லை கிக்கர். எந்த முகத்தோடு வருவது? வண்டியை எடுத்துப் போகும்படி கார்புரேட்டர் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவருடைய ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரை அளவாகக் குடி.

அப்பா


மார்ச் 19

அப்பாவுக்கு,

மாமா வண்டியை எடுக்க வந்தார். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அவர் வந்து சாவி குடுக்கட்டும். நான் எதுக்குக் குடுக்கணும்? நானா வாங்கினேன்?" என்றாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. உங்கள்மேல் கோபம் இல்லை. நான் சொல்லவேண்டியதை நீங்கள் முந்திக்கொண்டு உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள், அதுதான்.

எனக்குத் தெரியும் அப்பா. அன்றைக்கே தெரியும்.

மதகைத் தாண்டியதும் விரல் நுனி சில்லிட்டது. கிளட்ச்சைப் பிடித்த விரல் என் விரல் மாதிரியே இல்லை. வார் இறுக்குகிறது என்று புரிந்தது. நிறுத்தி, வலது கையால் தொட்டுப் பார்த்தால் ஓடுகிறதா இல்லையா என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் தொடவில்லை. அப்போதுதான் மூன்றாவது கியர் போட்டிருந்தேன். நீங்கள் பின்னால் உட்கார்ந்து "அப்படித்தான், அப்படித்தான், விடு அப்படியே" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். சின்ன வயதிலிருந்து கட்டிலில் படுத்தபடி தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து என்ன வண்டி, எத்தனை சிசி என்று உங்களிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் நான். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் என் கையில் இருந்தது. சொன்னால் நிறுத்திவிடுவீர்கள். இனி ஜென்மத்துக்கும் தரமாட்டீர்கள்.

டீக்கடையில் நீங்கள் "ஓடுது" என்றதும் எனக்கு ஒரு நொடி ஆச்சரியம். அப்புறம், அப்பாவே சொல்லிவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை என்று தோன்றியது. சந்தோஷமாக இன்னொரு ரவுண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்க அம்மா உங்களிடம், "உங்க ஆசைக்கு என் பிள்ளை கைதான் கிடைச்சுதா?" என்று கத்தினாள். நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோதும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் முதல் கடிதத்தை அவ்வளவு கிண்டலாக எழுதினேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இருபத்தெட்டாம் தேதிக்கு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன்.

கிக்கர்


மார்ச் 24

கிக்கருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். நீ மறைக்காமல் எழுதியிருக்கிறாய், நான் மட்டும் நல்லவன் வேஷம் போடக்கூடாது.

முதலில் நிம்மதியாக இருந்தது.

என் பாரம் குறைந்ததுபோல இருந்தது. அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன், பக்கத்தில் இருந்தவனிடம் சிரித்துப் பேசினேன். படுத்த பிறகுதான் எதற்காகச் சிரித்தேன் என்று உறைத்தது. நோயோடு பிறந்த பிள்ளை, ஒரே ஒரு நாள் ஆசைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டு அப்பன்காரன் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறான். அந்தக் காப்பைத் தைத்ததற்குக்கூட நான் இவ்வளவு கூசவில்லை.

உன்மேல் ஒரு துளி கோபம் இல்லை. உன் வயதில் நானாக இருந்தாலும் மூன்றாவது கியரிலிருந்து இறங்கியிருக்க மாட்டேன். ஆனால் வரமாட்டேன். வந்தால் காலையில் உன் கையைப் பார்க்கச் சொல்வாய். இந்தக் கையை இனிமேல் யார் நம்புவது? நானே நம்பவில்லை. உன் அம்மா கையில் நிதானம் உண்டு, அவள் பார்த்துக்கொள்ளட்டும். நல்லபடியாக முடியும்.

அப்பா


ஏப்ரல் 6

அப்பா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் தைத்துவிட்டார்கள். நீங்கள் வரவில்லை. வராந்தாவில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்னால், ஸ்ட்ரெச்சரில் வைத்து. அடிக்க முடியாத இடமாகப் பார்த்துச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை வெளியே கொண்டுவந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. "அந்த மனுஷனை எல்லாரும் பார்க்க எப்படிப் பேசிட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆக, இந்த வீட்டில் வெட்கப்பட இன்னும் ஒரு ஆள் சேர்ந்தாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதிய கை இன்னும் பழகவில்லை. சன்னமாகத்தான் ஓடும், ரெண்டு மாசமாவது தினம் பார்க்கணும் என்றார்கள். டயாலிசிஸ் நாளில் அவர்களே பார்த்துவிடுகிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நடுவில் வருகிற நாட்களில்தான் சிக்கல். என் இடது கை விரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. தொட்டால் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு நடுக்கம். வலித்துவிடுமோ என்று விரலை மேலே மிதக்க விடுகிறாள், கேட்டால் "ஏதோ இருக்கு" என்கிறாள். அவள் கையில் நிதானம் என்று எழுதினீர்களே, என் விஷயத்தில் அது கிடையாது.

காலையில் நர்ஸ் போன் செய்து "ஓடுதா?" என்கிறார். "ஓடுது" என்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். எனக்குத் தெரியவில்லை அப்பா. அன்றைக்குத் தெரிந்துகொண்டே சொல்லவில்லை. இப்போது தெரியாமலேயே சொல்கிறேன். தெரியவில்லை என்று சொன்னால் இவ்வளவு பட்டும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. போனை வைத்ததும் என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என்னால் முடியவில்லை.

கிக்கர்


ஏப்ரல் 9

கிக்கருக்கு,

காலையில் கடிதம் வந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். பாதி தைத்த சீட்டை இன்னொருவன் முடிப்பான். இதைத் தபாலில் போடவில்லை. நம் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும்.

நாளைக்குக் காலையில் நர்ஸ் கேட்டால் "தெரியல" என்று சொல். வேறு எதுவும் சேர்க்காதே. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே போ. யார் என்ன நினைத்தால் என்ன?

இங்கே கணக்கை முடித்துக்கொண்டு நான் நாளை மதியம் வருகிறேன். வந்ததும் உன் கையைத் தொடமாட்டேன். பஸ்ஸில் வந்த கை, கொஞ்ச நேரம் மடியில் சும்மா கிடக்கட்டும். நீ பேசிக்கொண்டிரு. பிறகு பார்க்கிறேன். ஓடினால் ஓடுகிறது என்பேன். எனக்குத் தெரியாவிட்டால், உன் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்று சொல்வேன்.

அப்பா