பாப்பா பெயரில் கட்டிய சிவப்புத் துணி

12-8-94, வெள்ளி

பயிற்சிக்காக ஜப்பான் போயிருக்கும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கோயில் கோயிலாகச் சுற்றினாராம். இடியாப்பத்தை ரசத்தில் மிதக்கவிட்டது போல ஏதோ சாப்பிட்டாராம். ஒரு கோயிலில் குழந்தை முகத்தோடு வரிசையாகக் கற்சிலைகள், கழுத்தில் சிவப்புத் துணி. நம் பாப்பா பெயரைச் சொல்லி இவரும் ஒன்றுக்குக் கட்டியிருக்கிறார். இறந்த பிள்ளைகளுக்காகக் கட்டுவது என்று பிறகுதான் தெரிந்ததாம். உயிரோடு இருக்கும் பிள்ளைகளையும் அந்தச் சாமிதான் காக்குமாம், பயப்படாதே என்கிறார்.

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, எந்த ஊர் சாமியா இருந்தா என்ன? பிள்ளைய காக்கத்தான செய்யும்" என்றார்கள். சற்று நேரத்தில் அவர்களே உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பாப்பாவுக்குச் சுற்றிப் போட்டார்கள்.

துணியை அவிழ்த்துவிடுங்கள் என்று எழுதுவதா? அவிழ்த்தால் காவலும் போய்விடுமோ? இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நடுநடுவே எழுந்துபோய்ப் பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.