என்னைக் கேட்காமல் தள்ளிப்போட்ட மருந்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பீர்கள். நான் நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ உடனே அப்பாவுக்குப் போன் போடுவாய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். இந்தக் காலத்தில் எதற்கு அம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, நீ டென்ஷன் ஆகாதே, அப்பாகிட்ட குடு" என்கிறாய். அவர் வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, என் ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிற அந்த நீலக் கோப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொள்கிறார். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் என் வயிற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறீர்கள். வயிற்றுக்குச் சொந்தக்காரி நான் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தை யாரும் என் கையிலிருந்து பிடுங்க முடியாது, நீயும் நடுவில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான்.

முதலில் நீ அனுப்பிய கட்டுரைகள். பதினேழு. அப்பா ஒன்று விடாமல் அச்சடித்து ஓட்டை போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார். கீமோ என்றால் பழைய காலத்து விஷம், இம்யூனோதெரபி என்றால் புதிய காலத்து அமுதம், அம்மாவுக்குக் கீமோ வேண்டவே வேண்டாம், இதை மட்டும் கேளுங்கள் என்று நீ சொன்னாய். உன் ஆபீஸ் நண்பரின் மாமியார் முடி கொட்டாமல், வாந்தி இல்லாமல், நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு நடந்து வந்தாராம். இன்றைக்கு அந்த அம்மாள் நீச்சல் கற்றுக்கொள்கிறாராம். நல்லது, நீந்தட்டும். ஆனால் அவருக்கு வந்தது எந்த இடத்துக் கேன்சர், அதில் எந்த வகை என்று கேட்டாயா? கேட்கவில்லை. அப்பாவாவது கேட்டாரா? அவர் அந்த மாமியாரைப் பற்றித் தெருமுனை மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

நான் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறவள். வாசலில் ஏறும்போதே "நல்ல கண்ணாடியா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை நாளைக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். யார் கண்ணுக்கு என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பளிச்சென்று தெரிகிற கண்ணாடியை நீ போட்டால் படிக்கட்டில் உருண்டு விழுவாய். இது எனக்குத் தெரியும், கடை முதலாளிக்குத் தெரியும், உனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியவில்லை.

இப்போது நீங்கள் இருவரும் செய்த காரியத்துக்கு வருகிறேன். கேன்சர் வயிற்றில் மட்டும் இல்லை, கல்லீரலுக்கும் போயிருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அப்பா அது எழுதியிருந்த ரிப்போர்ட் பக்கத்தைக் கோப்பின் அடியில் செருகி வைத்தார். கோப்பைத் தினமும் மேஜையிலிருந்து எடுத்து மேஜையைத் துடைப்பது யார்? நானும் தெரியாதவள் போலவே இருந்தேன், அவருக்கு அது ஆறுதலாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் மருந்து ஏற்றுவதாக நாள் குறித்திருந்தார்கள். அப்பா காலையிலேயே எழுந்து, இன்றைக்கு அவசர வேலை இருக்கிறது, பஸ் டிப்போ நண்பரைப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகலாம் என்று மென்று விழுங்கினார். எனக்குச் சுருக்கென்றது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பத்தாவது நிமிஷம், மாற்றுத்துணி, போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறிவிட்டேன். மூன்றாவது மாடி, மருந்து ஏற்றும் அறை. ஜன்னலோரம் சாய்வு நாற்காலிகள் ஆறு, ஐந்தில் ஆள் இருந்தார்கள், ஒன்று காலி. அதுதான் எனக்கு என்று நினைத்துப் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் நேத்து போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டாரேம்மா. பையன்கிட்ட கலந்து பேசிட்டு இருக்கோம், முடிவு பண்ணிட்டு சொல்றோம்னாரு. இது ரெண்டாவது தடவை" என்றார்.

இரண்டாவது தடவை! முதல் தடவை ரிப்போர்ட் வரவில்லை என்று எனக்குச் சொன்ன காரணமும் பொய் என்று அங்கேதான் தெரிந்தது. முப்பது வருஷம் டிப்போவில் உட்கார்ந்து ஒரு பஸ் இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினாலும் டிரைவரைக் கிழித்துத் தோரணம் கட்டிய மனுஷர், பெண்டாட்டிக்கு ஏற்ற வேண்டிய மருந்தைப் பதினேழு நாள் தாமதப்படுத்தியிருக்கிறார். அந்தப் பதினேழு நாளில் நான் சாப்பிடும் அளவு பாதியாகக் குறைந்து போனது. நாலு வாய் இறங்கினால் ஐந்தாவது வாய் நெஞ்சிலேயே நிற்கும். மெலிந்துவிட்டேன், பாவாடை நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுகிறேன். இதைப் பார்த்துக்கொண்டேதான் உங்கள் மாநாடு நடந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டாக்டரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றேன். அப்பா உன்னிடம் சொல்லியிருப்பாரே அந்த டாக்டரம்மாதான், எப்போதும் கழுத்தில் பேனாவைத் தொங்க விட்டிருப்பவர். மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிட்டார். அவரையும் நான் விடவில்லை. "இத்தனை நாளும் நீங்க என் வீட்டுக்காரர் முகத்தப் பார்த்தேதான் பேசினீங்க, இன்னிக்கு அவர் இல்ல, என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். தப்புதான்மா என்றார். ஒரு டாக்டர் தப்புதான் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, உன் அப்பா இன்னும் சொல்லவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், நீ கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார். என் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மூன்று விதமாகச் சோதித்திருக்கிறார்கள். ஒரு வகைக் கட்டி இருக்கிறதாம், வயிற்றுக் கேன்சரில் நூறு பேரில் சில பேருக்குத்தான் அது இருக்கும். அவர்களுக்கு இம்யூனோதெரபி அற்புதமாகக் கேட்குமாம். உன் நண்பரின் மாமியார் ஒருவேளை அந்த ராசிக்காரராக இருக்கலாம். நான் இல்லை. இன்னொரு சோதனையில் இன்னொரு வகை மருந்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. மூன்றாவது, இம்யூனோதெரபி ஓரளவாவது கேட்குமா என்று பார்ப்பது, அதில் எனக்கு நடுத்தரமாக மார்க் வந்திருக்கிறது. நீ பத்தாவதில் கணக்கில் வாங்கினாயே, அது மாதிரி, பாஸ், ஆனால் ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது. "நம்ம உடம்புல காவல்காரங்க இருக்காங்கம்மா. கேன்சர் அவங்க கைய கட்டிப்போட்டு வெச்சிருக்கு. இம்யூனோதெரபி அந்தக் கட்ட அவுத்து விடுது. ஆனா அவங்க எழுந்து சண்டை போட நாளாகும், சிலருக்கு எழுந்திருக்கவே மாட்டாங்க. கீமோ நேரா போய் அடிக்கும், நல்லதையும் கொஞ்சம் சேர்த்து அடிக்கும், ஆனா சீக்கிரம் அடிக்கும். உங்களுக்குச் சாப்பாடு இறங்கற வழியே அடைபடப் பார்க்குது. காவல்காரங்க மட்டும் வரட்டும்னு காத்திருக்க நமக்கு நேரம் கிடையாது" என்றார்.

அப்படியானால் கீமோ மட்டுமா என்று கேட்டேன். அந்தம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நான் ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டையும் சேர்த்துத்தானேம்மா எழுதியிருக்கேன்? உங்க மாதிரி ரிப்போர்ட் இருக்கறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்தாதான் கீமோவை மட்டும் குடுக்கறதவிட நல்லா இருக்கு" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினார். படித்தாயா? ரெண்டும். முதல் நாளிலிருந்தே ரெண்டும். அப்பா கீமோ என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தவுடன் மற்றதைக் கேட்காமல் எழுந்து வந்து உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ அங்கிருந்து கட்டுரை எய்திருக்கிறாய். இதுவா அதுவா என்று பதினேழு நாள் நீங்கள் அடித்துக்கொண்ட சண்டையில், கேட்காமலே டாக்டர் கொடுக்க இருந்ததை, கேட்கிறோம் என்று சொல்லிக் கொடுக்கவிடாமல் செய்திருக்கிறீர்கள். இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

இதனால் குணமாகிவிடுமா என்றும் கேட்டேன். இல்லையம்மா, முழுசாகப் போகாது, கட்டியைச் சுருக்கி வைத்து நாளைக் கூட்டித் தரப் பார்க்கிறோம், சராசரி என்று பார்த்தால் மாதக் கணக்குத்தான், சிலருக்கு வருஷக் கணக்காகப் போகிறது, நீங்கள் எதில் வருவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். சுற்றி வளைக்கவில்லை. பயம் வந்தது உண்மை, ஆனால் ஆறு வாரமாக என் வீட்டில் இருந்த புழுக்கம் அந்த நிமிஷம்தான் விட்டது. எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, நீங்கள் யாரும் கேட்கத் தோன்றாத கேள்வி. என் விரல்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். கண்ணாடிச் சட்டத்தில் போடுகிற திருகாணி எறும்பு அளவுதான் இருக்கும், அதைக் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை, விரல் நுனியால்தான் எடுப்போம். அந்தக் கீமோவில் ஒரு மருந்து நரம்பைப் பிடிக்கும், விரல் மரத்துப் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், மிஞ்சிப் போகிறது என்றால் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்றார். சரி, நாளைக்கே ஏற்றுங்கள், இனிமேல் ஒத்திவைப்பதென்றால் என் வாயால் சொன்னால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். எதிர் வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவு சத்தம். அப்பா சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு கோப்பின் நாடாவை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கடைசியில், "அண்ணன அந்த வார்டுல நான்தான் பார்த்துக்கிட்டேன். ரெண்டு மாசம். எலும்பா போயிட்டான். உன்னை அந்த மாதிரி வாந்தி எடுக்க விட்டுட்டு என்னால பார்க்க முடியாதுடி" என்றார். உன் பெரியப்பா போய் இருபது வருஷம் ஆகிறது, அன்றிலிருந்து ஒரு தடவை கூட இதை என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது, ஆனால் முழுசாக விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறிவிடுவார் என்று, "நீங்க பார்க்க வேணாம், திரும்பிக்கிட்டு வாளியப் புடிச்சா போதும்" என்றேன். அன்றிலிருந்து பிடிக்கிறார். திரும்பிக்கொள்வதில்லை.

இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. முதலில் காவல்காரர் மருந்து அரை மணி நேரம், பிறகு கீமோ இரண்டு மணி நேரம், வீட்டில் பதினாலு நாள் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. வாந்தி நினைத்த அளவு இல்லை, அதற்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது, பெரியப்பா காலம் வேறு. சோர்வுதான் ஆளைக் கீழே தள்ளுகிறது. குளிர்ந்த எதையும் தொட முடியவில்லை, குழாய்த் தண்ணீர் பட்டால் கூட விரலில் ஊசி குத்துகிறது, ஃப்ரிட்ஜைத் திறக்கக் கையுறை போடுகிறேன். உன் அமுதமும் சும்மா இல்லை. கட்டவிழ்த்துவிட்ட காவல்காரர்கள் சில சமயம் வீட்டு ஆட்களையே அடிப்பார்களாம், வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, தோலில் தடிப்பு எது வந்தாலும் அன்றைக்கே போன் பண்ண வேண்டும் என்று நர்ஸ் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார். அப்பா அதைக் கதவில் ஒட்டி வைத்துவிட்டு, நான் சொறிந்தால் போதும், போனை எடுத்துவிடுகிறார். நேற்று கொசு கடித்ததற்கு நர்ஸைக் கூப்பிட்டார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

கடைக்குக் காலையில் மூன்று மணி நேரம் போகிறேன். போன வாரம் ஒரே திருகாணி மூன்று தடவை கீழே விழுந்தது. முதலாளி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார், நான் குனிந்து தேடி எடுத்து இடுக்கியால் போட்டு முடித்தேன். அது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வாரம் ஒரு ரொட்டித் துண்டு முழுசாக உள்ளே போனது, நிற்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அப்பா இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்.

நான் உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன், திட்டியும் விட்டேன். அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறாய், அதனால்தான் ராத்திரி பகலாக அத்தனையும் படித்தாய் என்று தெரியாமல் இல்லை. படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்ததை என்னிடம் சொல், நான் டாக்டரிடம் கேட்கிறேன். மருமகள் மட்டும்தான் இத்தனை நாளில் "அத்தை, உங்களுக்கு எது பிடிக்குது, எது இறங்குது" என்று கேட்டாள், அவளுக்கு என் ஆசியில் ஒரு பங்கு அதிகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வயிற்று வலி வந்தால் மாத்திரை போட்டு அடக்காமல் டாக்டரிடம் போ, நான் எட்டு மாதம் அடக்கினேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஸ்கேன். சுருங்கியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். ரிப்போர்ட் வந்த பிறகு வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். ரிப்போர்ட்டைப் பார்க்க நீ எதற்கு, அதற்கு டாக்டர் இருக்கிறார். என்னைப் பார்க்க வருவதென்றால் அதற்கு முன்னாலேயே வா, நான் எழுந்து நடமாடிக்கொண்டு, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டத் தெம்போடு இருக்கிறேன்.

எல்லோரும் நூறாண்டு நன்றாக இருங்கள். குழந்தைக்கு என் முத்தங்கள். இந்தக் கடிதம் வந்ததைச் சொல்லப் போன் பண்ணினால், அப்பா எடுத்தாலும் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்.

இப்படிக்கு,
இன்னும் உன்னை அதட்டுகிற,
உன் அம்மா