குறுக்கே வெட்டிப் படம் அனுப்பவும்

ஜூன் 3, திங்கள்

காலையில் ஃபோனைத் திறந்ததும் மூன்று பேர். மூன்று பேருக்கும் கோட்டு வேண்டாமாம்.

முதலாவது ஆள் ஜிப் மகாராணி. நான் வைத்த பெயர்தான். கோட்டில் ஜிப் இல்லையே என்று திருப்புகிறாள். விற்பனைப் பக்கத்தில் ஆறு பொத்தான் பளிச்சென்று தெரிகிறது. கண் என்ன பிடரியிலா இருக்கிறது? அடுத்தவர் அளவு சிகாமணி. தன் மார்பளவைத் தானே குறைத்து எழுதிவிட்டுக் கோட்டு இறுக்கிப் பிடிக்கிறது என்கிறார். மூன்றாவது ஆளுக்குக் கம்பளித் துணியில் வாசனை வருகிறதாம். அவள் அனுப்பிய படத்தில் காலர் ஓரம் உதட்டுச்சாயம். மூன்று வாரம் விருந்து விருந்தாகப் போட்டுச் சுற்றிவிட்டு என் காதில் பூ சுற்றுகிறாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களை நிராகரிக்கும் மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள் நான். புளுகுகிறவர்கள் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒப்பாரி. நான் முதல் வரியைத் தாண்டுவதில்லை.

ஜூன் 4

அக்கா தைக்கிறாள். படம் எடுப்பது, இணையச் சந்தையில் ஏற்றுவது, பெட்டி கட்டுவது, வாங்கியவர்களோடு மல்லுக்கட்டுவது என் பாடு. இரண்டு நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சந்தைக்காரர்கள் தாமாகவே வாங்கியவர் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதனால் ஃபோனில் நான்கு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறேன். ஒன்று, அளவுப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு, நாள் கடந்துவிட்டது. மூன்று, வருந்துகிறோம். நான்குதான் என் மூளை.

போன வருடம் ஒரு கோட்டைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். அனுப்பும் கூலி கோட்டின் விலையை முழுங்கிவிட்டது. போதாக்குறைக்குச் சுங்க அலுவலகத்தில் கண்ணாடிக்காரர் ஒருவர் இறக்குமதி வரி கட்டு என்றார்.

"இது நாங்க தைச்சது சார்."

"எங்க இருந்து வருது? வெளிநாட்ல இருந்துதானே?"

அன்றைக்கு எழுதியதுதான் நான்காவது: "கோட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இரண்டாக வெட்டிப் படம் அனுப்பவும். ஆகவேண்டியதைச் செய்கிறோம்." அந்த 'ஆகவேண்டியது' பணத்தைத் திருப்பித் தருவது. பணம் என்று பச்சையாக எழுதினால் கூட்டம் கூடிவிடும். வெட்டச் சொன்னால் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு கோட்டை வைத்துக்கொள்கிறார்கள். திருப்பித் தருகிறேன் என்று குதித்தவர்களுக்குக் கத்திரிக்கோலை எடுக்க மட்டும் கை வராது.

அக்காவுக்கு இது தெரியாது. திரும்பிய கோட்டை அங்கேயே வேறு ஆளுக்கு விற்றுவிடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா இன்றைக்கும் கேட்டாள்.

"அந்தப் பச்சைக் கோட்டு வாங்கினவங்க ஏதாவது எழுதினாங்களா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அடர்பச்சைக் கோட்டு. நாற்பது நாள் தைத்தாள். உள்துணி முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் பறவைகள், எல்லாம் கையால் போட்டது. "உள்ளே யார் பார்க்கப் போறா?" என்று அப்போதே திட்டினேன். "போடுறவங்க பாப்பாங்க" என்றாள். பனிக்காலத்தில் விற்றது. இன்னமும் கேட்கிறாள். வாங்குகிற ஜென்மங்கள் எப்படிப்பட்டவை என்று இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜூன் 12

ஒருத்தி தையலோடு ஒட்டி வெட்டிப் படம் அனுப்பியிருக்கிறாள். எவ்வளவு கெட்டிக்காரி! பணத்தை வாங்கிக்கொண்டு அதே தையலில் திரும்பத் தைத்துப் போட்டுக்கொள்வாள். தூ.

நான்காவது பதிலைத் திருத்திவிட்டேன். "தையல் வழியே அல்ல, முன்பக்கம் நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டவும்."

ஜூன் 16, ஞாயிறு

அக்காவை வேலைக்குக் கூப்பிடச் சீருடை கம்பெனியின் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நேர்த்தையல், காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை, மாதச் சம்பளம். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

அவர் போன பிறகு அக்கா நூல்கண்டை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "போயிடலாமான்னு பாக்கறேன்."

"ஏன்? இங்க என்ன குறைச்சல்?"

"கிணத்துல போடுற மாதிரி இருக்குடி. போடுறேன், போடுறேன், ஒரு சத்தமும் வரல. நல்லா இருக்குன்னு ஒரு ஆள் ஒரு வரி எழுதியிருந்தாக்கூட இருந்துடுவேன்."

ஒரு வரியாம். இந்தக் கூட்டத்திடம் இருந்தா?

ஜூன் 19

பதினொரு பேருக்குப் பதில். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். ஆர்டர் எண், முதல் வரி, ஒரு அழுத்து. அதில் நான்காவது மட்டும் மூன்று பேருக்கு.

ஜூன் 22, சனி

படம் வந்திருக்கிறது. பச்சை.

அடர்பச்சை. முன்பக்கம் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே நேர்வெட்டு. இரண்டு பாதியும் ஒரு மேஜைமேல் பக்கம் பக்கமாக. உள்பக்கம் தெரியவில்லை. வலது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்.

கருகலா? எனக்கு யாரும் கருகல் என்று —

பழைய கடிதத்தைத் தேடிப் படித்தேன். முழுசாக. முதல் வரி: "இந்தக் கோட்டை உங்களுக்குத் திருப்பி அனுப்ப விரும்புகிறேன்." அதோடு நான் நிறுத்தியிருக்கிறேன். கீழே என்ன இருந்தது? அடுப்பில் முழங்கை பட்டுக் கருகிவிட்டது, தைத்த கையாலேயே ஒட்டுப் போட்டுத் தர முடியுமா, போகவர இரண்டு கூலியும் நானே கட்டுகிறேன், இங்கே வேறு யாரையும் தொடவிட எனக்கு மனமில்லை. கடைசியில்: "உள்ளே பதினேழு பறவைகள். தினமும் பேருந்துக்கு நிற்கும்போது ஒன்றைத் தொட்டுக்கொள்வேன். பதினேழுக்குக் காரணம் ஏதாவது உண்டா என்று தைத்தவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

இதற்குத்தான் நான்கை அழுத்தியிருக்கிறேன்.

இன்று படத்தோடு வந்த வரி: "வெட்டக் கை வரவில்லை. ஆனால் பழுது பார்க்க இதுதான் உங்கள் முறை போலும் என்று நினைத்துக்கொண்டேன். தைத்தவருக்குத் தெரியாததா?"

அடிப்பாவி, ஏன் வெட்டினே? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? யாரோ முகம் தெரியாதவ சொன்னா எடுத்து வெட்டிடுவியா? உலகத்துல இப்படியும் ஒரு மக்கு இருக்குமா?

ஆனா அடிப்பாவி அவ இல்ல. அவ நான் எழுதினத நம்பினா. என்னை நம்பி எவ்வளவு நாளாச்சு யாராவது?

ஜூன் 23

பணத்தைத் திருப்பிப் போட்டேன். மூன்றாவது பதிலை அழுத்தப் போன விரலை இழுத்துக்கொண்டு, கையாலேயே எழுதினேன். தவறு என்னுடையது, துண்டுகளை அனுப்புங்கள், கூலி என்னுடையது. நான்கு தடவை எழுதி அழித்தேன். மன்னிப்புக் கேட்கிற மேஜையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஜூன் 25

அக்காவிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வரி என் ஃபோனில் இருக்கிறது. அதைக் காட்டினால் அதற்குக் கீழே இருக்கும் படத்தையும் காட்ட வேண்டும். வரியை மட்டும் தனியாக எழுதிக் காட்டலாமா? அப்படிச் செய்தால் ஜிப் மகாராணி என் கால் தூசிக்குப் பெறமாட்டாள். அவளாவது ஜிப்புக்குத்தான் பொய் சொன்னாள்.

ஜூன் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். அக்கா அப்போது பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபோனை நீட்டினேன். முதலில் கடிதத்தைப் படித்தாள். பதினேழு என்ற இடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் படத்துக்கு வந்தாள்.

வெட்டின் ஓரத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "நல்ல கத்திரி. ஒரே வெட்டு" என்றாள்.

"அக்கா —"

"மத்ததெல்லாம்? வேற ஆளுக்கு வித்ததா சொன்னியே?"

"இல்ல."

"எத்தனை?"

"இருபத்தி மூணு."

"காட்டு."

இருபத்து மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எது எந்த மாதம் தைத்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "இது மழை பேஞ்சப்போ தைச்சது" என்றாள் ஒன்றுக்கு. நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் மெஷினுக்கு உறை போட்டாள்.

ஜூலை 1, திங்கள்

ஏழே முக்கால் பஸ்ஸில் சீருடை கம்பெனிக்குப் போனாள்.

ஜூலை 13

கடையில் மீதி ஆறு கோட்டுகள். புதிதாக ஏற்ற ஒன்றுமில்லை. திருப்புகிறவர்கள் மட்டும் குறையவில்லை. இப்போது எல்லாரையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். அளவு சிகாமணி இன்னமும் அழிச்சாட்டியம்தான் செய்கிறார். கடைசி வரி வரை படித்தும் அவர் புளுகர்தான். இதை எழுதும்போது ஒரு சின்ன நிம்மதி, மறைப்பானேன்.

நான்காவது பதிலை அழித்தாயிற்று.

ஜூலை 20

சாப்பிடும்போது கேட்டேன், வேலை எப்படி என்று. "நேர்த்தையல்" என்றாள். அவ்வளவுதான். மூன்று வாரமாக இருவருக்கும் இடையில் சாம்பார் கரண்டி மட்டும்தான் போய்வருகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பொட்டலம் வந்திருக்கிறது, நேரில் வரவும் என்று சுங்க அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். அதே கண்ணாடிக்காரர். பொட்டலத்தின் வாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டிப்போட்ட துணிக்கு யாராவது இவ்வளவு கூலி கொடுத்து வரவழைப்பாங்களாம்மா?" முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துவிட்ட முகம். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் நான் வைத்திருந்தது.

"பழுது பார்க்க வந்தது சார்" என்றேன். நம்பவில்லை. வரியைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் தனியாகத்தான் பிரித்தேன். மேலே பச்சைத் துண்டு இரண்டு. அடியில் வெள்ளைக் காகிதத்தில் மடித்து வேறொன்று. உள்துணி. வெட்டே படாமல், முழுசாக. கோட்டை வெட்டுவதற்கு முன்னால் ஓரத் தையலை ஒவ்வொரு இழையாகப் பிரித்து உள்துணியைத் தனியே எடுத்திருக்கிறாள். எத்தனை மணி நேரம் பிடித்திருக்கும்? ஊசித் துளைகூட இழுபடவில்லை. நான் கேட்ட படத்தில் அது தெரியாதவாறு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் பழைய விதிப்படி இது சுத்த ஏமாற்று. அந்த மேஜையில் இருந்திருந்தால் நிராகரித்திருப்பேன்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். உள்துணியை மேஜைமேல் விரித்து வைத்திருந்தேன். பையைத் தோளில் இருந்து இறக்காமலே ஒற்றை விரலால் எண்ணினாள். பதினேழு. திரும்ப ஒருமுறை எண்ணினாள். பச்சைத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, ஆகாது என்று கீழே வைத்தாள்.

பிறகு போய் மெஷின் உறையை எடுத்தாள்.

"பச்சைக் கம்பளி மூணு மீட்டர் வேணும்" என்றாள். "நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிடறேன்."

"நானே வாங்கிட்டு வரேன்க்கா."

"நீ வேணாம். நீ அவங்களுக்குப் பதில் எழுது. பதினேழோட மஞ்சள் நூல் தீந்துபோச்சு, அதான் காரணம்னு எழுது."