உனக்கு வந்து சேராத நாற்பத்தேழு மறுமொழிகள்

என் செல்ல அண்ணே,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. காரைக்காலில் பஸ் ஏறினால் சாமி கும்பிடப் போகிறவர்களை இடித்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் திருநள்ளாற்றில் உன் லாட்ஜ் வாசலில் வந்து இறங்கிவிடலாம். பிறகு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுகிறேன். எழுதி, உன் வலைப்பதிவிலேயே, உன் கடைசிப் பதிவுக்குக் கீழே போடப்போகிறேன். இதை அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணி நன்றாக இருக்கிறார் என்று சொன்னால் பொய். சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். லாட்ஜில் உன் வரவேற்பு மேசைக்குப் புது ஆள் வந்தாயிற்று. சாவியை நீட்டுகிறார், முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சுனாமிக்கு அடுத்த வருடம்தானே நீ பதிவு எழுதத் தொடங்கினாய்? யாத்ரிகர்கள் குளத்துக்கும் கோயிலுக்கும் போய்விட்ட பகல் வேளையில், லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவாய். சனி தொலையட்டும் என்று கட்டியிருந்த வேட்டியை நளன் குளத்திலேயே விட்டுவிட்டு, அறைச் சாவி அந்த வேட்டி மடியில் இருந்தது என்று ஈரத் துண்டோடு வந்து நின்ற மனிதரைப் பற்றி எழுதினாயே. கல்லூரி நூலகத்தில் வேலை நேரத்தில் அதைப் படித்துவிட்டுச் சிரித்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். லாட்ஜுக்கு வந்துபோகிறவர்களின் கஷ்டகாலத்தை அவர்கள் மனம் நோகாமல் கேலி செய்ய உன்னால்தான் முடியும்.

பதிவைவிட அதற்குக் கீழே நடக்கும் பேச்சுதான் எனக்குப் பிடிக்கும். யார் மறுமொழி எழுதினாலும், பெட்டியோடு படியேறி வருகிறவரை வரவேற்பதுபோலவே வரவேற்பாய். "வாங்க சேலத்துக்காரரே, மாடி ரூமா கீழ் ரூமா?" என்பாய். சண்டைக்கு வந்தவருக்கும் முதலில் "வாங்க, உக்காருங்க". இரண்டு வரி எழுதியவருக்கு நீ ஆறு வரி எழுதுவாய். பதில் சொல்லாமல் ஒருவரைக்கூட நீ அனுப்பியதில்லை.

உன் பதிவைத் திரட்டியில் சேர்த்துவிட்டது நான்தான். "அது பஸ் ஸ்டாண்டு மாதிரிண்ணே. தமிழ்ல யாரு புதுசா என்ன எழுதினாலும் அந்த ஒரே பக்கத்துல வந்து நிக்கும். பாக்குறவங்க அங்கேருந்து உன் பதிவுக்கு வருவாங்க" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். வரவும் செய்தார்கள். கூட்டத்தோடு, பெயர் போடாத ஒரு வாயாடியும் வந்து கண்டபடி எழுதினான். அதற்கும் நானே வழி சொன்னேன். மறுமொழிகள் முதலில் உன் மின்னஞ்சலுக்கு வரும், நீ பார்த்து அனுமதித்த பிறகுதான் பதிவில் தெரியும் என்று மாற்றிக் கொடுத்தேன். உனக்கோ லாட்ஜ் கம்ப்யூட்டரை விட்டால் வேறு கதியில்லை. எழுதியவர் தன் எழுத்தைப் பார்க்க ஒரு நாள், சிலசமயம் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் திரட்டிக்காரர்கள் தங்கள் பக்கத்திலேயே ஒவ்வொரு பதிவின் தலைப்புக்கும் கீழே ஒரு பேச்சுப் பெட்டி திறந்தார்கள். எழுதினால் உடனே தெரியும். உன் பதிவைப் படித்தவர்கள் திரும்பிப் போய் அங்கே பேச ஆரம்பித்தார்கள். நானும்தான். அங்கே எனக்கு ஒரு புனைபெயர் இருந்தது, தெரிந்த கூட்டம் இருந்தது, அரட்டைக்குக் குறைவில்லை. உன் கம்ப்யூட்டரிலோ அந்தப் பக்கம் பாதி திறந்து நின்றுவிடும். "எனக்கு என் வாசலே போதும் பாப்பா" என்று நீ விட்டுவிட்டாய். பேச்சு இடம் மாறிப்போனதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. மாறியதாக எங்களுக்கே தோன்றவில்லையே, எப்படிச் சொல்வோம்?

அப்புறம் அந்தப் பதிவை எழுதினாய்.

ஊரார் கஷ்டத்தையே எழுதி வந்தவன், முதல் தடவையாக உன்னுடையதை எழுதினாய். பிறந்து ஒன்பது நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன உங்கள் பெண் குழந்தையைப் பற்றி. நம் வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அண்ணி அழுவார் என்று நாங்கள் பேசவில்லை, நீ வருந்துவாய் என்று அண்ணி பேசவில்லை. பெயர் வைக்குமுன் போய்விட்டது என்றுதான் நான்கூட நினைத்திருந்தேன். நீ மனதுக்குள் தேன்மொழி என்று வைத்திருந்தாய் என்பதை நூலகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படித்துத் தெரிந்துகொண்டேன். கெட்ட காலம் தொலைய வருகிறவர்களுக்கெல்லாம் சாவி கொடுக்கிறேன், எனக்கு மட்டும் இது தொலையவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கடைசி வரி, "இதையெல்லாம் எழுதலாமா? நீங்க சொல்லுங்க."

அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன் அண்ணே. முகம் கழுவிக்கொண்டு வந்து திரட்டிப் பெட்டியில், என் புனைபெயரில், "எழுதலாம். எழுதத்தான் வேண்டும்" என்று போட்டேன். கோயம்புத்தூர் அம்மா ஒருவர் தன் மகனைப் பற்றி எழுதினார். உன்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்பாரே, அந்தப் பகுத்தறிவுக்காரர், அவர் "உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதினார். துபாயிலிருந்து ஒருவர் "தேன்மொழி அப்பாவுக்கு" என்று தொடங்கியிருந்தார். ஒரு வாரத்தில் நாற்பத்தேழு பேர். உன் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறக்காது என்பதே நினைவுக்கு வராமல், ஒவ்வொன்றையும் நீயும் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

நேரில் ஏன் கேட்கவில்லை என்கிறாயா? கூச்சம். எழுத்தில் சொல்லியாயிற்றே, முகம் பார்த்து வேறு சொல்ல வேண்டுமா என்ற கூச்சம். இத்தனைக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் அந்த ஒரு வாரமும் உன்னைப் பற்றி அவ்வளவு பேசியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குப் போனோம். அண்ணி பூ வாங்கப் போன நேரத்தில், செருப்பைக் கழற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாய்.

"அத எழுதிருக்கக் கூடாது பாப்பா."

அத்தனை பேர் அழுது எழுதியது உன்னைச் சங்கடப்படுத்திவிட்டது, அண்ணி காதுக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறாய் என நினைத்துக்கொண்டேன். உனக்கு ஆறுதல் சொல்கிறேனாம்.

"விடுண்ணே. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"ம். மறந்துட்டா நல்லதுதான்" என்றாய்.

இவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது. இரண்டு மாதத்தில், ஒரு சனிக்கிழமை, வந்தவருக்குச் சாவி எடுக்கத் திரும்பியவன் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாய். நெஞ்சுவலி என்று சொல்லக்கூட உனக்கு நேரம் இருக்கவில்லை.

கருமாதி முடிந்து அண்ணி உன் டைரியைக் கொடுத்தார். பின் அட்டையில் உன் பதிவின் கடவுச்சொல் இருந்தது. "என்னமோ எழுதுவாரே, அத மூடணும்னா மூடிடு" என்றார். திறந்தேன். உன் கடைசிப் பதிவுக்குக் கீழே "மறுமொழிகள்: 0" என்று இருந்தது. மின்னஞ்சலைத் துழாவினேன், அங்கேயும் ஒன்றும் இல்லை. வெளியிடாமல் நீ வைத்திருந்த ஒரு வரைவு மட்டும் இருந்தது.

"போன பதிவுக்கு மன்னியுங்கள். வந்தவர்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் படி இறங்கிப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிகிறது."

என்ன புரிந்தது உனக்கு? ஒரு மண்ணும் புரியவில்லை அண்ணே! என்மேல் வரவேண்டிய கோபம் அன்று உன்மேல் வந்தது. ஒரு போன் போட்டு "ஏன் யாருமே பேசல?" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்கமாட்டாய். மேசைக்குப் பின்னால் நின்று காத்திருந்துதான் உனக்குப் பழக்கம். நான்தான் படியேறி வந்திருக்க வேண்டும்.

அண்ணியிடம் மறைக்கவில்லை. திரட்டியில் இருந்ததையெல்லாம் தாளில் அச்செடுத்துக்கொண்டு போய், முதலில் உன் பதிவையும் பிறகு ஒவ்வொரு மறுமொழியையும் படித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன பேரா பாப்பா? அவரு பாத்தாரா?"

"இல்ல அண்ணி."

"ஒண்ணுகூடவா?"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அந்தத் துபாய்க்காரரு எழுதினத மட்டும் இன்னொரு தடவ படி" என்றார். "தேன்மொழி அப்பாவுக்கு" என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. உன்னை அப்படி ஒருவர் கூப்பிட்டார் என்பது தெரியாமலேயே நீ போய்விட்டாய், இதை நான் எங்கே போய்ச் சொல்லி ஆற?

திரட்டியில் பழைய பேச்சுகளை அழிக்கப் போகிறார்களாம். இடம் போதவில்லை என்று அறிவிப்புப் போட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இதற்குள் வேறு எங்கோ போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும். அங்கே எழுதியதை உன் பதிவில் எடுத்துப் போடலாமா என்று, என்னைத் தவிர மற்ற நாற்பத்தாறு பேருக்கும் எழுதிக் கேட்டேன். நாங்களே அவர் பதிவில் வந்து எழுதுகிறோம் என்கிறார்கள்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. பதிவை மூடமாட்டேன். அவர்கள் வர வர நானும் அண்ணியும் உட்கார்ந்து ஒவ்வொருவராக உள்ளே விடுவோம். ஒருவரையும் "வாங்க" சொல்லாமல் அனுப்பமாட்டோம். என்ன சொல்ல வேண்டும் என்று அண்ணி சொல்வார், நான் தட்டுவேன்.

முதல் மறுமொழி இதுதான். புனைபெயர் இல்லாமல், உன் தங்கையாக, உன் வாசலில். நீ கேட்டதற்குப் பதில்: எழுதலாம் அண்ணே. அனுப்பியதும் "பதிவரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று வரும். அண்ணி பக்கத்தில்தான் இருக்கிறார். அனுமதிக்கும் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தப்போவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
தேன்மொழியின் அத்தை