சத்தம் போடுகிற நாடும் போடாத நாடும்

மாப்ள,

எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். படிக்க வருகிற பிள்ளைகளின் செல்போனை அமெரிக்காக்காரன் துழாவுவான் என்றேன், துழாவுகிறான். ஐரோப்பாக்காரன் காலேஜைச் சும்மா திறந்துவிட்டு, தலைசாய்க்க இடம் தரமாட்டான் என்றேன்; தரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் வாக்கு இரண்டு கண்டத்திலும் பலித்துவிட்டது. நீ இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாய்.

இன்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு அந்த நீலக் கம்பளித் தொப்பி. ஐரோப்பாவில் ராட்டர்டாம் துறைமுகத்து மாலுமிகள் விடுதியில் கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்களே, அதுதான். என்னுடையதை அந்த நாட்டு ராணியே பின்னியதாகத் தூத்துக்குடியில் பாதிப்பேர் நம்புகிறார்கள். உன்னுடையதை மாட்டிக்கொண்டுதான் உன் மகள் ஜெசி ஜெர்மனிக்குப் போனாள்.

தொப்பியைத் தொட்டதும் உன் பல்வலி ஞாபகம் வந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் கன்னம் தேங்காயாய் வீங்கிக் கிடந்தாய். கரையிறங்க நமக்கு அனுமதி இல்லை, ஏணியடியில் காவலாள். மாலுமிகளுக்கு உதவ வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவனைப் பிடித்துக்கொண்டாள். ஏழடி உயரம் இருப்பாள். அவள் போட்ட சத்தத்தில் கப்பல் சங்கே அடங்கிப்போனது. உன்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டாள். பஞ்சடைத்த வாயோடு சொன்னாய்: "பாத்தியாலே, ஒரு கெழவி அரசாங்கத்த எதுத்துச் சத்தம் போடுதா. அதாம்ல உரிமை."

அடுத்த பயணத்தில் ராட்டர்டாமில் என் விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் யாரும் அதட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை. தைத்து, சூப்பு கொடுத்து அனுப்பினார்கள். "சத்தமே போடாமக் கெடைச்சுதே, அதுதாம்ல உரிமை" என்றேன் நான்.

கப்பல் வேலையை விட்டுக் கரையேறிய பிறகும் பழைய துறைமுகத்து டீக்கடையில் அதே சண்டை.

"அமெரிக்காவுல தல நரச்ச பொறவும் காலேஜுக்குப் போவலாம். ஒன் ஜெர்மனிக்காரன் பத்து வயசுலயே நீ பட்டறைக்கு, நீ படிப்புக்குன்னு பிள்ளைகளப் பிரிச்சிருதான்" என்பாய் நீ.

"அங்க படிச்சவன் கெழவனாற வரைக்கும் கடன் அடைக்கானே, அதச் சொல்லுலே."

கடைக்கார அண்ணாச்சி குறுக்கே வருவார்: "கண்டம் எங்கயும் ஓடிராது. டீ ஆறிரும், குடிங்க."

நீ போன சமயம் பார்த்து ஜெசிக்கு இரண்டு நாட்டிலும் இடம் கிடைத்தது. அமெரிக்கா என்றால் வீட்டை அடகு வைக்க வேண்டும். உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் பக்கத்தில் இருந்தவன் நான். அவளுடைய ஞானத்தகப்பனும் நான்தான். நம் கடற்கரையில் செத்தவர் கடைசி வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாதே. "அப்பா என்ன சொன்னாங்க மாமா?" என்று ஜெசி கேட்டாள். சொன்னேன். ஜெர்மனிக்குப் போனாள். வீடு தப்பித்தது.

நேற்று போனில் அழுதாள். வகுப்பில் குறையில்லை, ஆய்வுக்கூடச் சாவியையே கையில் கொடுத்திருக்கிறார்களாம். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டால், பெயரைப் பார்த்ததும் இடம் இல்லை என்றுவிடுகிறார்களாம். ஒரு தோழியின் அறையில் தரையில் படுக்கிறாள். அதையும் இந்த வாரம் காலி செய்ய வேண்டுமாம்.

"சத்தம் போடேம்ளா!" என்று கத்தினேன். ஐரோப்பாவுக்கு வக்காலத்து வாங்கிய என் வாயில் உன் கிழவி புகுந்துகொண்டாள், பார்.

"யார்ட்ட போட மாமா? எல்லாரும் மரியாதையாத்தான் இல்லைங்காங்க."

வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அப்பா கடைசியா ஜெர்மனிக்குப் போகச் சொன்னாங்கல்லா? அந்த ஒரு வார்த்தையப் புடிச்சித்தான் கெடக்கேன். இல்லன்னா எப்பவோ வந்திருப்பேன்."

மாப்ள, என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் படிப்பை விட்டு வந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அந்தக் குளிரில் எங்கே படுப்பாளோ. ஏழு கடல் தாண்டியவன் நான், என் வீட்டு வாசலைத் தாண்ட வழி தெரியாமல் நிற்கிறேன்.

நீ ஜெர்மனி என்று சொல்லவே இல்லை. அமெரிக்கா என்றும் சொல்லவில்லை. மூக்கில் மாட்டியிருந்த குழாயை விலக்கிவிட்டு, "ஏலே, பிள்ள சாப்ட்டாளா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். அதைத்தான் தினமும் போனில் அவளிடம் கேட்கிறேன், நான் கேட்பதுபோல.

நேற்று அதற்கு, "அப்பா தொப்பியப் போட்டிருக்கேன் மாமா, குளிரல" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.