ஆக்னலின் அப்பாவுக்கு அடித்த மணி

செண்பகனூர்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள மகன் செல்வினுக்கு அப்பா எழுதிக்கொண்டது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மருமகள் பிரின்ஸியும் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், வேண்டுதல் அதோடு முடிந்தது, இனி எழுதுவதெல்லாம் கோபம். போனில் கத்தினால் கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பனியில் பீன்ஸ் எல்லாம் கருகிப் போச்சு.

போன வாரம் ஆக்னல் டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. நீ பாட அவன் டிரம்ஸ் அடிக்க நீங்கள் போட்டீர்களே முதல் ஆல்பம், ஒருத்தரும் சீண்டாமல் நம் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியோடு கெடக்கே, அந்த டெத் மெட்டல் என்கிற உறுமல் பாட்டை ஜெர்மனியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் தேடிப்பிடித்துப் பெரிய ரெக்கார்டாகப் போடப் போகிறாராம். பழைய பாணியில் இப்படிக் கலங்கலாகக் கேட்கிற சத்தத்துக்கு அங்கே இப்போது ஆள் இருக்காம். அம்மா கேட்கணும் என்றாள், அவனும் ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்துப் போட்டான். தொடக்கத்தில் மணி வருமே, கோயில்பிள்ளையாக இருந்தபோது நான் அடித்த துக்க மணி, அதைக் கேட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. ஜூலியட் டீச்சர் முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்து, யாரு தவறிட்டாங்க என்று கேட்டவர் பதிலுக்குக்கூட நிற்காமல் இறந்தோர் செபத்தை ஆரம்பித்துவிட்டார். அவர் ஆமென் சொல்லவும் நீ உறும ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

சிரிப்பு அதோடு சரி. அப்புறம்தான் ஆக்னல் மெதுவாகச் சொன்னான், உன் பெயரை எடுத்துவிடச் சொல்லி நீ கம்பெனிக்கு எழுதினாயாம். அங்கே உன் சபையில் ஆராதனைப் பாடல் பாடுகிறவன் பெயர் பிசாசுப் பாட்டில் இருந்தால் மூப்பர்கள் தப்பாக நினைப்பார்களாம். "அவனுக்கு அங்க ஒரு மரியாதை இருக்குல்ல மாமா, விடுங்க" என்றான். அவன் விடலாம், நான் விடமாட்டேன். ஏலே, எதுலே பிசாசுப் பாட்டு? பெரும்பாறை எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்த மனுசனை, ஜீப் சும்மா நின்றும் எஸ்டேட்காரர்கள் தராததால், கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, வழியிலேயே உயிர் போச்சே, அவர்தானே ஆக்னலின் அப்பா? அவருக்கு நான் அடித்த மணியைத்தானே கோபுரத்தில் ஏறி நீ மைக் வைத்துப் பிடித்தாய்? எனக்கு உன் வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, ஆக்னல்தான் வரி வரியாகச் சொன்னான். ஜீப்பை ஏன் தரவில்லை என்று பாட்டு முழுக்கக் கேட்கிறாய். ஆண்டவர் சந்நிதியில் கேட்கக் கூடாத கேள்வியா அது? அன்றைக்கு அழக்கூட வராமல் நின்ற பையனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாய். எனக்கு அது பெருமை. உனக்கு வெட்கமாக இருக்காக்கும்.

நான் ஆக்னலிடம் சொல்லிவிட்டேன். "செல்வின் பேரை எடுத்தா அந்த எடத்துல என் பேரைப் போடுலே." சிரித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அட்டையில் ‘குரல்: ஆரோக்கியதாஸ்’ என்று வரும். பல்செட் வைத்த கிழவன் இப்படி உறுமினான் என்று ஜெர்மனிக்காரர்கள் நம்பினால் நம்பட்டும். மணி நான் அடித்தது, கேள்வியையும் நானே கேட்டதாக இருக்கட்டும்.

அட்டை அச்சுக்குப் போவது சாம்பல் புதனுக்கு அப்புறம்தான். அதற்குள் மனசு மாறினால் கம்பெனிக்கு எழுதாதே, முதலில் ஆக்னலுக்குப் போன் போடு. எந்தச் சோலி இருந்தாலும் வெள்ளனே எழுந்து செபம் சொல். உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நாளைக்கு யாராவது என்னைப் பாடச் சொன்னால் எனக்கு அப்படிப் பாட வராது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அப்பா
ஆரோக்கியதாஸ்